மேசை வாசிப்பில் மூன்றாம் அத்தியாயம்

அக்டோபர் 4

என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டுமாம். மடத்தின் துணைத்தலைவர் ஃபாதர் காங்கோல்ஃப் முற்றத்தில் மறித்துச் சொன்னார்: "ஏன் டாக்டர், மடத்தோட எண்ணூற்றைம்பதாவது ஆண்டு விழா மலர்தானே கேட்டோம்? கல்யாண வீட்டுக்கு வந்து மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்குங்கிற மாதிரில்ல எழுதியிருக்கீங்க!"

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே அறுப்பவர்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் எனக்கு வரவேண்டிய பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த தால்மாயரும் அன்று சிரித்தான்.

அக்டோபர் 5

அப்படி என்ன எழுதிவிட்டேன்? இந்தக் குன்றுக்கு அன்று உரியவனான எக்பெர்ட் பிரபு கனவு கண்டு, மனம் திரும்பி, வாளைப் பீடத்தில் வைத்துக் கோட்டையைத் துறவிகளுக்குக் கொடுத்தான் என்பது இவர்கள் கதை. ஆவணங்களில் நான் கண்டது வேறு: அவனுக்கு மகன் இல்லை. தங்கை புருஷன் படையோடு வந்துகொண்டிருந்தான். அவன் கையில் போகக்கூடாது என்றே பெரிய கோபுரத்தைத் தானே இடித்துவிட்டு, குன்றைத் தேவாலயச் சொத்தாக்கினான். பக்தி இல்லை, வயிற்றெரிச்சல். ஹோகன்ரீட் மடம் பிறந்தது இப்படித்தான்.

இந்த அத்தியாயம் இல்லையென்றால் என் புத்தகம் வெறும் படப்புத்தகம். ஐம்பத்து மூன்று வயதில் முதல் புத்தகம். ஒரு வரிகூட விட்டுத்தரமாட்டேன்.

அக்டோபர் 9

மடத்தலைவர் வுனிபால்டிடம் போனேன். கோபித்துக்கொள்ளவில்லை. "இங்க எந்தப் புஸ்தகமும் முதல்ல சாப்பாட்டு மேசையிலதான் வாசிக்கப்படும். உங்களுதும் அப்படித்தான். எல்லாரும் கேக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணுவோம்."

"யாராவது எதிர்த்துப் பேசினா?"

"சாப்பிடும்போது யார் பேசுவா?"

அக்டோபர் 14

இன்று வாசித்தார்கள். பிரபு விருந்து வைத்த அதே கூடம். விருந்தினர் மேசையில் நான். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை, பீர். கரண்டிச் சத்தம் மட்டும்.

வாசிப்பவர் பிரதர் விட்டாலிஸ். ஏற்ற இறக்கமே கூடாது என்பது இவர்கள் முறை. வேதாகமமானாலும் சமையல் குறிப்பானாலும் ஒரே சுருதி. பிரபுவின் வயிற்றெரிச்சலை வானிலை அறிக்கை போல வாசித்தார். ஒரு முகமும் நிமிரவில்லை. மறுத்தாவது தொலைக்கக்கூடாதா?

பிறகு — "அடிக்குறிப்பு பதினேழு." எதையும் விடாமல் வாசிப்பதும் இவர்கள் முறையாம். நான் என்ன கண்டேன்? தால்மாயரைப் பற்றி அரைப்பக்கம். 'திருடன்' என்று எழுதவில்லை. அதைவிட நன்றாக எழுதியிருந்தேன். விட்டாலிஸ் அதையும் அதே குரலில் வாசித்தார். எக்பெர்ட் எங்கே முடிந்தான், நான் எங்கே தொடங்கினேன் என்றே தெரியவில்லை.

அக்டோபர் 15

மாலையில் பேச அனுமதிக்கும் நேரம். என்னையும் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் சந்தை இரைச்சல்!

"கோபுரத்தை அவனே இடிச்சான்னா, நாம வருஷா வருஷம் அவனுக்குப் பூசை வைக்கிறது எதுக்குய்யா?" என்று காங்கோல்ஃப்.

"கெட்டவனுக்குத்தான் பூசை வேணும். நல்லவனுக்கு எதுக்கு?" — யாரோ.

தேனீ வளர்க்கும் கிழவர் ஃபாதர் செபால்ட் மூலையிலிருந்து கத்தினார்: "டாக்டர் எழுதினது சரிதான்! நான் மட்டும் ஏன் வந்தேன்? பண்ணை பூராவும் எங்கண்ணனுக்குன்னு அப்பா எழுதிட்டார். அந்தக் கடுப்புல வந்தேன். அவன் மூஞ்சில கரியப் பூசணும்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டேன்: "அப்புறம் ஏன் போகலை, ஃபாதர்?"

"தெரியலையேப்பா," என்றார். உண்மையாகவே தெரியாதவர் முகம்.

என் எழுத்துக்காக நாலு பேர் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 16

அடிக்குறிப்பு பதினேழை அடித்து நீக்கினேன். நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 20

அத்தியாயம் இருக்கட்டும் என்று தலைவர் சொல்லியனுப்பினார். காங்கோல்ஃப் எதிர்த்தாராம். எதிர்க்கட்டும். ஜெயித்துவிட்டேன் — ஏன் துள்ளவில்லை?

நவம்பர் 11

இன்று அச்சுக்குப் போயிற்று. அந்த அடிக்குறிப்பைத் தவிர, மூன்றாம் அத்தியாயம் வரிக்கு வரி அப்படியே. கடைசியில் மட்டும் ஒன்று சேர்த்தேன்: 'பிரபு ஏன் கொடுத்தான் என்பதற்குச் சான்று உண்டு. வந்தவர்கள் ஏன் எண்ணூற்றைம்பது ஆண்டுகளாகப் போகவில்லை என்பது இதை எழுதுபவனுக்குத் தெரியவில்லை.'

தால்மாயர் மதிப்புரை எழுதினால் முதலில் இந்த வாக்கியத்தைத்தான் கவ்வுவான். கவ்வட்டும்.