கழுதைச் சத்தம் இல்லாத கசற்

ஜேர்மனி, 14.11.2007, புதன், மாலை 5.20. நீங்கள் குரல் பதிந்து அனுப்பிய கசற்றை மூன்று தரம் கேட்டுவிட்டேன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

என்ன வேலை என்று கேட்டீர்கள். நியூத்திரன் நட்சத்திரங்கள் இரண்டு மோதும்போது குழாய்த் தண்ணீர்போல் பீறிட்டுப் பாயும் தாரையைக் கணினியில் கணக்கிடுகிறேன். மோதலில் சிதறிய குப்பை சுற்றி நின்று கணக்கைச் சுணக்கியது. பொறுமையில்லாமல் அதை நீக்கினேன். தாரை நேராகப் போகாமல் பரந்து கெட்டது. குப்பைதான் அதை நெருக்கி நேராக அனுப்புகிறது.

கசற் பதியும்போது தங்கச்சியும் அதே பிழைதான் விட்டிருக்கிறாள். "எல்லாரும் வாயை மூடுங்கோ, அண்ணாவுக்குப் பதியிறன்" என்று கத்தி, எங்கள் பள்ளிமுனைத் தெருக் கழுதைகளையும் கலைத்திருக்கிறாள். அந்த அமைதியில் தூரத்தில் வெடித்த ஷெல் குண்டு இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன. உடனே நீங்கள், "அது ஒண்டுமில்லை ராசா" என்கிறீர்கள். என் அறையிலும் வேறு சத்தம் இல்லை.

தபாலுக்கு நேரமாகிறது.

மகன் ஜெறோம்

இனிச் செய்யப்போவது:

1. குப்பையைத் திரும்பப் போட்டுக் கணக்கை ஓடவிடுவேன்.
2. இத்துடன் வெற்றுக் கசற் ஒன்று அனுப்புவேன். பின்னேரச் செபமாலையை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது பதியுங்கள். கழுதைகளும் பக்கத்தில் நிற்கட்டும்.
3. அது வரும்வரை பழையதையே கேட்பேன், ஷெல் வரும் இடத்தைத் தாண்டி ஓடவிட்டு.