ஒட்டுக்கு மேலே வந்த துளிர்

குளியலறை ஜன்னலில் பழைய பல் பிரஷ் ஒன்று நீலம் பாய்ந்து கிடக்கிறது. உன் மெரூன் ரோஜாவுக்கு மருந்து பூசிய பிரஷ். அதைப் பார்த்ததும் சேதியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாலே நாள் காய்ச்சலில் நீ போய்ச்சேர்ந்த மறுமாதம், உன் வீட்டுக்காரர் லாஸ்பேட்டையிலிருந்து தொட்டியை ஸ்கூட்டரில் வைத்து என் வீட்டுக்கு எடுத்து வந்தார். "தெனம் தண்ணி ஊத்துறேன், காயுது. அவ வெச்சதுல இது ஒண்ணுதாம்மா மிச்சம். நீங்களே பாருங்க" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? லாஸ்பேட்டையை அடுத்த மேட்டுப்பாளையம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டினோம். வாடிய இலையை டிபன் மூடியில் கொண்டுவந்து காட்டுவது நான், நோயைச் சொல்வது நீ. ஒருமுறை இலையெல்லாம் வெளிறிப்போக, தண்ணீர் போதவில்லை என்று நான் சாதித்தேன். நீ வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினாய். மிளகாய்ப்பொடி போல விழுந்த புள்ளிகள் நகர்ந்தன. "ஓடுது பாருடி! செஞ்சிலந்தி. இலைய திருப்பிப் பாக்காம வாயத் தொறக்காத!" நீ போட்ட கூச்சலில் சூப்பர்வைசரே வந்து குனிந்து பார்த்தார்.

இந்த முறையும் முதலில் இலையைத் திருப்பினேன். தட்டினேன். ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் கிளைகளைக் கவனித்தேன். பூப் பறித்த நுனியிலிருந்து கறுப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நுனிக்கருகல்! கண்டுபிடித்த வேகத்தில் "ஏய்!" என்று கத்திவிட்டேன், நீ பக்கத்தில் நிற்பதாக நினைத்து.

அதற்கு வைத்தியம் வெட்டுவதுதான். உன் செடியில் கத்திரி வைக்க மூன்று நாள் கை வரவில்லை. நாலாம் நாள் கத்திரியை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டினேன். தண்டின் உள்ளே பழுப்பு. இன்னும் கீழே வெட்டினேன், அங்கேயும் பழுப்பு. காட்டுச்செடியில் உன் ரோஜாவை ஒட்டுக்கட்டிய முடிச்சுக்கு இனி நாலு விரல்தான் மிச்சம். இன்னொரு வெட்டு. தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுப்பு! நீலக் காப்பர் மருந்தைக் குழைத்து வெட்டுவாயில் பூசினேன். தண்ணீரைக் குறைத்தேன்.

பதினைந்து நாள் வெறும் குச்சி. இன்று காலை, சிவப்பாக ஒரு துளிர். ஒட்டுக்குக் கீழே முளைத்திருந்தால் அது காட்டுச்செடி, உன் ரோஜா இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் படுத்தே பார்த்துவிட்டேன். முடிச்சுக்கு மேலே. நன்றாக மேலே!

"அண்ணே, பொழச்சிக்கிச்சு!" என்று உன் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அரைமணி நேரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தொட்டி முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"எடுத்துட்டுப் போறீங்களாண்ணே?"

"வேணாம்மா, பூக்கட்டும். அதுவரைக்கும் நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

அவர் கிளம்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். உன் கண் எனக்கு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏதாவது வாடினால் பதறிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் இல்லை நான் இப்போது. பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கு என்ன என்று பார்க்கிறேன்.