மாத்திரைக்கு டாட்டா

மார்ச் 4

அன்புள்ள குண்டுவுக்கு,

போனில் உன்னைப் பிடிக்கவே முடிவதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவிலேயே இதை எழுதுகிறேன். விளம்பரக் கம்பெனியில் ஊருக்கெல்லாம் எழுதுகிறவனுக்கு அக்காவுக்கு நாலு வரி எழுத நேரமில்லையா?

உன் அத்தான் சுகருக்கு ஏதோ மூலிகைப் பொடி சாப்பிடுகிறார். டப்பாவோடு வந்த நோட்டீஸில் ஒரு டீச்சரின் கடிதம். "மாத்திரைக்கு எப்படா டாட்டா காட்டுவோம்னு இருந்தேன், காட்டிட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். "உன்ன மாதிரியே பேசுறா. பொய் சொல்றவளா தெரியல" என்றார் அத்தான். பத்து நாளாக மாத்திரை அலமாரியில் தூங்குகிறது. காலையில் உற்சாகமாக பஸ் ஓட்டப் போகிறார் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பொடியைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வேலை தலைக்கு மேல். சாப்பாடு ஒழுங்காகத்தான் போகிறது, கவலைப்படாதே.

பொடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். விளம்பரத்தில் வருவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தானை மாத்திரை சாப்பிடச் சொல். வெளியே வண்டி காத்திருக்கிறது, முடிக்கிறேன்.

குண்டு

மே 2

அன்புள்ள குண்டுவுக்கு,

உன் கடிதத்தை அப்போதே அத்தானிடம் காட்டினேன். "அவன் விளம்பரக்காரன், எதையுமே நம்ப மாட்டான்" என்று சிரித்தார்.

ஏப்ரலில் ஷூ கடித்து வலது காலில் ஒரு சின்னப் புண். வலிக்கவில்லையாம், அதனால் என்னிடம் சொல்லவில்லை. சாக்ஸைத் துவைக்கப் போட்டபோது நாற்றம் வந்துதான் எனக்கே தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதிக்கிற கால். இனி டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலைதான் கிடைக்கும். படுக்கையில் கிடந்துகொண்டு, தன்னையறியாமல் பாதத்தை அழுத்துகிறார்.

மாத்திரை அட்டையை நானும்தானே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

அக்கா

மே 9

அக்கா,

அப்படி ஒரு டீச்சர் கிடையாது. அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

"நம்ம வீட்டு ஆள் பேசற மாதிரி இருக்கணும்" என்றார் மேலாளர். நான் எழுதியது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. என் மேஜை டிராயரில் உன் பழைய கடிதங்கள் கிடந்தன. பல்வலி தீர்ந்தபோது மாத்திரைக்கு டாட்டா காட்டியதாக எழுதியிருந்தாயே, அதை எடுத்தேன். உன் இழுவை, உன் கேலி எல்லாவற்றையும் எடுத்தேன். அத்தானுக்கு அது உன் குரலாகக் கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி வைத்திருந்தேன். "இது இருந்தா யாரு வாங்குவா?" என்றார். அந்த வரியை மேலாளர் அடிக்கவில்லை. நானே கோடு போட்டு அடித்துக் கொடுத்தேன்.

மார்ச்சில் நீ கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தான் கேட்டிருப்பார். உன் முன்னால் அசிங்கப்படப் பயந்தேன். வாசலில் வண்டி எதுவும் காத்திருக்கவில்லை, அக்கா.

மன்னிப்பு கேட்கக்கூட வாய் வரவில்லை.

தம்பி

மே 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "சின்னப் பையன். விடு" என்றார். என்னால் அப்படி விட முடியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டு மாற்றும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தையல்காரம்மா. மடியிலிருந்த பையில் அதே டப்பா. மாத்திரையை நிறுத்திவிட்டாளாம்.

"ஒரு டீச்சரே எழுதியிருக்காங்களே, படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்?" என்றாள்.

என்ன பேசினாலும் அவள் அந்த நோட்டீஸையே காட்டினாள். கடைசியில், "அந்த டீச்சர் நான்தாம்மா. நான் எழுதுனது பொய். மாத்திரையச் சாப்பிடுங்க" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் மனசே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். உன்னைக் கேட்க வேண்டிய கேள்விதான். பேச்சு என்னுடையது என்பதால் நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளுக்கு நான் எங்கே போவேன்? அதனால் உன் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். சுகாதாரத் துறைக்கு அனுப்புகிறாராம். உன்னைத் தேடி ஆட்கள் வருவார்கள். வேலை போகும், அதற்கு மேலும் ஏதாவது வரலாம். எல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதே. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. அதுவரை வராதே.

அக்கா