போர் தண்ணி உப்பு இல்லை, மாமா

வடமாலபேட்டை,
வியாழக்கிழமை இரவு.

மதிப்பிற்குரிய சடகோபன் மாமாவுக்கு, எத்திராஜ் மகள் தாட்சாயணி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் பிரேமலதா அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

எங்கள் பள்ளி விடுதியில் இருக்கும் உங்கள் தங்கை மகள் கீர்த்தி நாளை சித்தூருக்கு வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் எப்போதும் நைனாவின் சட்டைப் பையில்தான் இருக்கும். அவர் பக்கத்து அறையில் தூங்குகிறார். புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். நான் எழுதியது அவருக்குத் தெரியக்கூடாது மாமா.

ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் விலை பேசிய எங்கள் மோட்டார் போட்டை ட்ரெய்லரோடு உங்கள் ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ட்ரெய்லரின் இடது சக்கரத்து இருசைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் துரு தின்றுவிட்டது. வழியில் சக்கரம் கழன்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. அத்தையும் பிள்ளைகளும் ஜீப்பில் இருப்பார்கள்.

போட் நல்ல தண்ணியில் மட்டும்தான் ஓடியது என்று நைனா உங்களிடம் சொன்னது பொய். மார்கழியிலும் தையிலும் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சூலூர்பேட்டைப் பக்கம், பழவேற்காடு ஏரியில் ஓட்டினார். முதலில் அவர் யாரையும் ஏமாற்றவில்லை மாமா. ஏரி என்றதும் நம் ஊர் ஏரி மாதிரி நல்ல தண்ணி என்றே நினைத்துவிட்டார். தினமும் சக்கரம் முங்கும்வரை ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவார், ஏற்றுவார், அப்படியே வெயிலில் நிறுத்திவிடுவார். கழுவவில்லை. இன்ஜினுக்குள்ளும் நல்ல தண்ணி விட்டு ஓட்டவில்லை. கடைசியில் கரையில் மீன் விற்கும் ஓர் அம்மாதான், "இன்னாண்ணா, கடலு வந்து கலக்கற தண்ணி இது. வாயில ஒரு சொட்டு வுட்டுப் பாக்காமலா எறக்கிக்கினு இருந்தே?" என்று கேட்டாராம். நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அன்றைக்கே போட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களைத் தவிர வேறு யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

நீங்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "உன் கை சின்னது, உள்ள பூந்து போவும்" என்று ட்ரெய்லருக்கு அடிக்க வெள்ளி பெயின்ட்டும் பிரஷும் கொடுத்தார். சுரண்டச் சுரண்ட துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளேயே இறங்கிவிட்டது. இங்கே பாரு நைனா என்றேன். அவர் பார்க்காமலே, "அடிச்சிக்கினு போ" என்றார். அடித்தேன். மறுநாள் அத்தை என் நகத்தைப் பார்த்து, "இன்னாடி, வெள்ளி நெயில் பாலிஷா? இஸ்கூல்ல உதைக்க மாட்டாங்களா?" என்று கன்னத்தைக் கிள்ளினார். நானும் சிரித்தேன்.

பிறகு நீங்கள் குனிந்து, பெயின்ட் படாத ஒரு மூலையைத் தொட்டு, "இன்னாடா இது, வெள்ளையா பூத்துக் கீது?" என்று கேட்டீர்கள். நைனா என்னைப் பார்த்தார். நான், "போர் தண்ணியிலதான் கழுவறோம் மாமா, அந்த உப்பு" என்றேன். அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நீங்கள் தொடையைத் தட்டி, "எங்க வூட்டு குண்டான்கூட இப்பிடித்தான்டா கீது" என்று சிரித்தீர்கள். "பொண்ணே சொல்லிட்டா, அப்புறம் இன்னா" என்று எழுந்துவிட்டீர்கள். அதற்குமேல் எங்கேயும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நைனா எனக்கு பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்தார். கையில் வைத்துவிட்டுப் போனார். அதைத் தின்னவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அம்மா, "இன்னா, அப்பனும் பொண்ணும் சண்டையா?" என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒன்றும் தெரியாதவர் போல வாருங்கள். இடது சக்கரத்துக்கு உள்பக்கம் சாவியால் சுரண்டிப் பாருங்கள். நீங்களே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். இன்ஜினையும் மெக்கானிக் பிரித்துப் பார்க்காமல் அதில் யாரும் ஏற வேண்டாம். நைனாவை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். என்னையும் கேட்காதீர்கள் மாமா. அவர் அன்றைக்கு மாதிரி பார்த்தால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

உங்களுக்காக அம்மா நாட்டுக்கோழி சொல்லி வைத்திருக்கிறாள். போட் வேண்டாம் என்றதும் உங்களுக்கு அந்த நிமிடமே கிளம்பத் தோன்றும். நைனாவோடு ஒன்றாகப் படித்தவர் நீங்கள், கோபம் வராமல் இருக்காது. ட்ரெய்லர் இங்கேயே கிடக்கட்டும். எங்கள் வீட்டில் கை நனைக்காமல் மட்டும் போய்விடாதீர்கள். நைனா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பொய் சொன்ன
தாட்சாயணி