இல்லாத சபைக்குப் போன கடிதங்கள்

8 செப்ரெம்பர் 2008, திங்கள்

மழை. டோர்ட்மண்டிலிருந்து ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். வாங்க: வெங்காயம், தயிர், இவருக்குக் காலுறை.

மாவட்ட அலுவலகத்தில் புது வேலை. எங்கள் பகுதித் தலைவர் ஹெர் (திரு) வெ. அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறார். அதற்குள் எங்கள் மாவட்டத்தோடு தோழமை பூண்ட இங்கிலாந்துக் கவுண்டி பற்றி ஒரு சிறு நூல் வரவேண்டுமாம். கோப்புகளைப் படித்து எழுத வேண்டியவள் நான். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதை எப்படியோ நினைவில் வைத்திருக்கிறார். பிரியாவிடைக்கு அந்தக் கவுண்டி சபையிலிருந்து (இனி க. சபை) ஒரு குழுவையும் அழைக்கப்போகிறார். 1979இல் அங்கே போய்வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே கன்னம் சிவந்துவிடும். நல்ல மனிதர். கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி.

9, செவ்வாய்

வெயில்! இரண்டு கோப்பு முடிந்தது. க. சபை பிறந்தது 1974இல். அகன்ற ஆறு ஒன்றின் இரு கரைகளையும் பிடித்து ஒரே நிர்வாகமாக்கியிருக்கிறார்கள். இரு கரைக்காரருக்கும் பிடிக்கவில்லை. பாலம் கட்டிக் கொடுத்தும் மசியவில்லை. விலாசத்தில் பழைய கவுண்டியின் பெயரையே எழுதிக்கொண்டிருந்தார்களாம். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு. இப்படிப்பட்ட பிடிவாதக்காரர் எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் நாலு பேர்.

நூலுக்குப் படம் எடுக்கலாமென்று இணையத்தில் தேடினேன். க. சபை 1996இல் கலைக்கப்பட்டுவிட்டது!

பன்னிரண்டு வருடம். ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு ஹெர் வெ. அனுப்பிய வாழ்த்தின் பிரதி கோப்பில் இருக்கிறது. அதைவிட அதிசயம், ஒவ்வொன்றுக்கும் பதிலும் இருக்கிறது. சபையின் பெயர் அச்சிட்ட தாளில், போன நத்தாருக்குக்கூட. கையொப்பம் ‘மிசிஸ் பி., சபைக்காக’.

ஒருவருக்கும் சொல்லவில்லை. தேநீர் இரண்டு கோப்பை.

10, புதன்

பதில்களைத் திரும்ப வாசித்தேன். 96க்குப் பிறகு வந்தவற்றில் கூட்டமில்லை, தீர்மானமில்லை. ஆற்றில் மூடுபனி, நாய்க்குக் கால் நோவு, பாலத்தில் காற்று. எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள்? வாழ்த்துப் பட்டியலை ஒருமுறை தட்டச்சுச் செய்தால் நம் அலுவலகம் அதைப் பிறகு தொடாது. அதுதான் காரணம்.

26ஆம் தேதி மாவட்டக் குழுக் கூட்டம். அங்கே அழைப்பை முன்வைப்பார். ஒருவர் கணினியில் தட்டிப் பார்த்தால் போதும். முப்பது வருட வேலை சிரிப்புக்கிடமான பகிடியாகிவிடும்.

என் கணவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்வது இன்றைக்கு உதவியது.

“ஆளில்லாத விலாசமெண்டால் கடிதம் திரும்பி வந்திருக்கும். வரேல்லைத்தானே? அப்ப ஆரோ கையாலை வாங்கியிருக்கினம்.”

“ஹெர் வெ.க்கு இதைச் சொல்ல எனக்கு ஏலாது. மனுசன் உடைஞ்சு போயிடும்.”

“முதல்ல நீர் அந்த மனுசிக்கு எழுதும்.”

எழுதினேன். அதே பழைய விலாசம்.

19, வெள்ளி

குளிர். பதில் வந்துவிட்டது! இம்முறை வெறும் வெள்ளைத் தாள், வீட்டு விலாசம்.

மிசிஸ் பி. சபையில் செயலாளராக இருந்தவர். கடைசி நாளன்று மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். கட்டடம் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டது. வாயிற்காவலர் தெரிந்தவர். நத்தாருக்கு வந்த ஜெர்மன் கடிதத்தை அவர்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

“அன்றே உண்மையை எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் ஹெர் வெ. நான் நலமா என்று கேட்டிருந்தார். அந்த வருடம் வேறு எவரும் அதைக் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது கடினமாகிவிட்டது. அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள். சபையின் தாள் இன்னும் இரண்டுதான் மிச்சம்.”

நான் கோபப்பட நினைத்தேன். வரவில்லை.

22, திங்கள்

சொல்லிவிட்டேன். கடிதத்தை மேசையில் வைத்தேன், நின்றேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்படியானால் எனக்குப் பதில் எழுதியது சபை இல்லையா?”

“இல்லை. மிசிஸ் பி.”

கடிதத்தை மடித்து உறையில் போட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: “நல்லதாகப் போயிற்று. நாயின் காலைப் பற்றி ஒரு சபை எழுதுவானேன் என்று எனக்கு எப்போதும் ஒரு குழப்பம்.”

மத்தியானம் இருவரும் கேக் சாப்பிட்டோம். அவர்தான் வாங்கினார்.

26, வெள்ளி

கூட்டம். அவர் தானே எழுந்து, ஒன்றையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். அவரும்தான்.

குழுத் தலைவர் கேட்டார்: “அப்படியென்றால் யாரை அழைக்கிறீர்கள்?”

“கவுண்டி சபையை.”

“எத்தனை பேர்?”

“முழுச் சபையும். ஒருவர்.”

எல்லாக் கையும் உயர்ந்தது. வரும்போது ஒரு தோடம்பழப் பை வாங்கினேன், காரணமில்லாமல். சந்தோசம்.

10 ஒக்டோபர், வெள்ளி

தூறல். ரயில் நிலையம், ஹெர் வெ., நான். அவர் நல்ல கோட்டுடன். இரண்டு பக்க வரவேற்புரை கையில்.

மிசிஸ் பி. சின்ன உருவம், நீல மழைக்கோட்டு. ஹெர் வெ. ரயில் நடைமேடையிலேயே உரையைத் தொடங்கிவிட்டார். ஒரு வரியையும் விடவில்லை. நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். பயணிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மிசிஸ் பி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று கேட்டார்.

பிறகு அவர் முறை. “சபையின் சார்பில்…” என்று தொடங்கினார். நிறுத்தினார். ஹெர் வெ.யைப் பார்த்தார்.

“என் சார்பில்,” என்றார்.

அந்த இரண்டு சொல்லையும் ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தேன். ஹெர் வெ. கையைக் காட்டி என்னைத் தடுத்தார். விளங்கிவிட்டதாம்.