முதலில் குறுக்கே, பிறகு மேலே

அன்புள்ள செல்லத்துக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

சிரிக்காதே. சர்வே வேலையில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க, வரைபடக் கட்டங்களின் எண்களை முதலில் குறுக்கே, பிறகு மேலே பார்க்க வேண்டும். நேற்று நான் மாற்றிப் பார்த்து, எங்கள் குழுவில் ஆறு பேரை வேறெங்கோ ஒரு குளத்தங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். சூப்பர்வைசர் கத்தியதும், "டிரைவர்தான் வழி தப்பிட்டாரு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கிய அவரோ, "புது வேலைன்னா அப்படித்தான் தம்பி" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

'முதலில் குறுக்கே, பிறகு மேலே' என்று உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. வரைபடத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

வண்டி வந்துவிட்டது, அதே டிரைவர். இன்று சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் தங்கை கல்யாணத்தன்று வழி தவறியதற்கு எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேனே, அன்றும் தப்பு என்னுடையதுதான்.

உன் வீட்டுக்காரன்