யாமினியின் காது மிஷின்

ஜூலை 8, செவ்வாய்
நகரியில் ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உடல் குறையுள்ளவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் வேலையில் இன்று நான்கு வீடுகள். இரண்டு குழந்தைகளுக்குக் கால் பயிற்சி, ஒரு பெரியவருக்கு ஊன்றுகோல், கடைசியில் யாமினி. குடை ரிப்பேர், மறக்கக் கூடாது.

யாமினிக்கு நான்கு வயது, பிறவியிலேயே காது மந்தம். திருப்பதிக்கு நடையாய் நடந்து நான் வாங்கித் தந்த காது மிஷினைப் பிடுங்கி எறிகிறாளாம். நான் போட்டால் மட்டும் சமர்த்தாக இருக்கிறாள். அம்மா கஸ்தூரிக்குப் பொறுமை இல்லை, வேறென்ன? இந்த வயதில் பேச்சு காதில் விழாவிட்டால் அப்புறம் பேச்சே வராது. மிஷினை ரிப்பனால் தலையைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். எழுந்தது முதல் தூங்கும்வரை கழற்றக் கூடாது. கொஞ்சம் கத்தியே சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்
புத்தூரில் மீட்டிங். ரிப்போர்ட் தெலுங்கில், இரண்டு பக்கம். யாமினி: முழு நேரமும் அணிகிறாள். சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். புளிசாதத்தில் உப்பே இல்லை.

ஜூலை 14, திங்கள்
மேகமூட்டம். பஸ் சீக்கிரம் வந்தது, சொல்லாமலே கஸ்தூரி வீட்டுக்குப் போய்விட்டேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம். உள்ளே இரண்டு பவர்லூம். நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. மூலையில் யாமினி, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு. வாய் திறந்திருக்கிறது, கண்ணீர் வழிகிறது, அழுகைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ரிப்பன் இறுக்கமாக, நான் சொன்னபடியே.

மிஷினைப் பிடுங்கி எடுத்தேன். கஸ்தூரியின் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தறியை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்.

"நீங்க வர்ற நாள்ல நிறுத்திடுவோம் மேடம். நீங்க வந்து குந்திக்கினு இருக்க சொல்ல தறி ஓட்டினா மரியாதையா இருக்குமா?"

மூன்று மாதமாக வருகிறேன். நெசவு வீட்டில் ஏன் தறி ஓடவில்லை என்று ஒரு நாள் கேட்டேனா? மிஷின் அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தானே பெரிதாக்கும். ஏன் சொல்லவில்லை என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"அழுதா அழட்டும்னீங்களே மேடம்."

ஆமாம். சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்
லீவு. மிஷின் கொடுத்த திருப்பதி டாக்டரம்மாவுக்குப் போன். தறி ஓடும்போது போடவே கூடாது, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். பத்து வருடமாக இந்த வேலை. வெட்கமாக இருக்கிறது. ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன். மேலே போய்விட்டதாம்.

சமைக்கவில்லை. பாலும் திரிந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்
தூறல். தறி நிற்கும் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். பையை வெளியிலேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு. கஸ்தூரி ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரத் தடுக்கு போட்டாள். யாமினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.